எட்டு டப்பா சளி

பயில்வானைப் பற்றி நல்லபடியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த மனிதரை நினைத்தாலே எனக்குத் தலைவலி வருகிறது.

அவருக்குக் கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிற வேலை. பிழைப்புக்காக இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. எட்டுப் பேர் தங்கியிருக்கும் அறையில் காஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்குவது, அடைத்துக்கொண்ட கழிவறையைக் குத்திவிடுவது, யாருக்காகவோ விசா அலுவலகத்தில் கால் கடுக்க நிற்பது, எல்லாம் அவர்தான். 'முடியாது' என்ற வார்த்தையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்வது என் வேலை. அந்த அறைக்கு, பேர் எழுதிய எட்டு டப்பாக்களைக் கொடுத்தேன். "காலையில எழுந்ததும் நல்லா இருமி, சளியைத் துப்பி வைங்க. எச்சில் வேண்டாம்" என்று தொண்டை வற்றச் சொன்னேன். நோய் இருந்தாலும் யாரையும் ஊருக்கு அனுப்ப மாட்டார்கள், மருந்து இலவசம் என்றும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் எட்டும் தயாராக இருந்தன. முடிவு வந்தபோது எட்டிலும் காசநோய்க் கிருமி. ஒரே அறையில் எட்டுப் பேருக்குமா என்று ஆய்வகத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நேரே அறைக்குப் போய் நின்றேன். "உண்மையைச் சொல்லுங்க. யாரோட சளி இது?"

கொத்தனார்தான் வாய் திறந்தார். ராத்திரி பகல் பாராமல் இருமுகிறவர். "பயில்வானோடது சிஸ்டர். நோய்னு வந்தா ஊருக்கு ஏத்தி விட்டுருவாங்கன்னு பயம். எங்கள்ல திடமான ஆள் அவர்தான். அதான் எல்லா டப்பாவுலயும் அவரையே துப்பச் சொன்னோம்."

"நீங்க எப்படிங்க ஒத்துக்கிட்டீங்க?" என்று பயில்வானைக் கேட்டேன்.

"கேட்டாங்க சிஸ்டர். எனக்கும் கொஞ்சமா இருமல் இருந்துச்சு, சிமெண்ட் தூசின்னு நினைச்சேன். எட்டையும் நிரப்பறதுக்குள்ள உயிர் போயிருச்சு."

எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தி, என் கண்ணெதிரே இரும வைத்து மறுபடி எடுத்தேன். ஏழு பேருக்கும் ஒன்றுமில்லை. கொத்தனாருக்கு வெறும் சிகரெட் இருமல்.

மாத்திரையோடு போனபோது ஏழு கட்டில்களும் ஒரே சுவரோரம் ஒண்டிக் கிடந்தன. பயில்வானின் தட்டும் டம்ளரும் தனியாக இருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாசக்கணக்கா இவர் விட்ட மூச்சைத்தானே இழுத்துக்கிட்டு இருந்தீங்க? ஜன்னலைத் திறந்து வைங்க, அவர் மாஸ்க் போட்டுக்கட்டும். மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட்டா ரெண்டு வாரத்துல பரவறது நின்னுடும். தட்டு டம்ளர்லல்லாம் இது ஒட்டாது."

பயில்வான் மாத்திரையை விழுங்கினார்.

"அவங்களத் திட்டாதீங்க சிஸ்டர். அந்தப் பழைய ரிப்போர்ட்ல அவங்க பேரை அடிச்சிட்டீங்கல்ல? மேனேஜர் கண்ணுல பட்டா வம்பு."

"அடிச்சாச்சு" என்றேன் எரிச்சலோடு.

"அது போதும்" என்று எழுந்தவர், தன் கட்டிலை வராந்தாவுக்கு இழுக்க ஆரம்பித்தார். வேண்டாம் என்று நான் சொன்னது காதிலேயே விழவில்லை. கட்டில் வாசலில் மாட்டிக்கொண்டது. கொத்தனார் எழுந்து வந்தார். ஒருவருக்காவது சுரணை வந்ததே என்று நினைத்தேன். அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கட்டிலின் மறுமுனையைத் தூக்கி வெளியே தள்ளிவிட்டார்.