காணை மூடிய உபயக் கற்கள்

எங்கள் ஊர் வெயில் காலத்து மழைக்கு மரியாதை தெரியாது. காலையில் துணி காயப்போடும்போது தலை எரியும். மதியச் சோறு தின்று கை கழுவுவதற்குள் செர்காம் கடல் பக்கமிருந்து வானம் கறுத்துவிடும். பிறகு இடி. கொஞ்ச நேரம் கொட்டிவிட்டுப் போனால் பரவாயில்லை, சித்திரை மாதத்தில் அது அவ்வளவு சுலபத்தில் போகாது. திடீர் வெள்ளம் என்று வானொலியில் சொல்வார்கள். எங்கள் தோட்டத்துக்கு அது ஒன்றும் திடீரென்று வரவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து நாங்களே அழைத்தோம்.

எனக்கு மலாக்கா டவுனில் வேலை, வீடு எல்லாம். அம்மா மட்டும் தோட்டத்திலேயே இருந்தாள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதிலும் பாதியை அழித்து மேட்டில் தாமான் என்று புதுக் குடியிருப்பு வீடுகள் கட்டிய பிறகு, கோயிலுக்குப் பின்னால் மிஞ்சிய சில தொழிலாளர் லயத்து வீடுகளில் ஒன்று அவளுடையது. கோயிலுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஒரு பெரிய காண். வெளியூர்க்காரர்கள் வடிகால் என்பார்கள், எங்களுக்கு அது காண்தான். மேட்டுத் தண்ணீர் முழுக்க அதில் இறங்கித்தான் ஆற்றுக்குப் போகும். அப்பா உயிரோடு இருந்தவரை காண் வெட்டும் வேலை பார்த்தார். அதைத் தூர் வாரி வாரியே அவர் முதுகு கூன் விழுந்தது.

கும்பாபிஷேகத்துக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும், காணை மூடிவிடலாம் என்று கோயில் கமிட்டி முடிவு செய்தது. மூடுவதற்குச் சிமெண்டுக் கற்கள். ஒவ்வொரு கல்லும் ஒரு குடும்பத்தின் உபயம். அதன் மேல் அந்த வீட்டில் இறந்துபோனவரின் பெயர். டியூப் லைட்டில் பெயர் எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற கூட்டம் இதை விடுமா? நான் நீ என்று போட்டி போட்டுக் கொடுத்தார்கள். அம்மாவும் கொடுத்தாள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடுக்கே இல்லாமல் பூசினார்கள். தூர் வாருவதற்கு ஒரு மூடி வைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மூடியில் யார் பெயரைப் போடுவது?

வெள்ளிக்கிழமைகளில் அம்மா அப்பாவின் கல்லைத் துடைத்துப் பொட்டு வைப்பாள். பிறகு யாராவது வந்து அதன் மேல் காரை நிறுத்துவார்கள்.

அம்மாவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. இடது காலில் ஆறாத புண். ஒரு விரலை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. “அழுக்குத் தண்ணி பட்டுச்சுன்னா அடுத்தது கால்தான்க்கா, பாத்துக்கோங்க” என்று மருந்து கட்டும் தாதி என்னிடம் பட்டென்று சொல்லியிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை அம்மாவுக்கு மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். இடி விழுந்து கரண்டு போனது. வெளியே எட்டிப் பார்த்தால் வாசலில் செம்மண் தண்ணீர். மூடிய காணுக்குள் எங்கோ செம்பனை மட்டை அடைத்துக்கொண்டு, போக வழியில்லாத தண்ணீர் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்துக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தேன். என்னால் அவளைச் சுமக்க முடியாது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினேன்.

கோயில் மண்டபத்தில் கமிட்டித் தலைவரும் மற்ற வீட்டுக்காரர்களும் ஒதுங்கி நின்றார்கள்.

“தங்கச்சி, அது உபயக் கல்லுலா! சாமி காரியம். அதுல கைய வைக்காதே” என்றார் தலைவர்.

“தண்ணி வீட்டுக்குள்ள வந்துருச்சுண்ணே. அம்மா கால்ல புண்ணு. ஒரு கல்லத் தூக்குனா போதும், அடைப்பக் குத்தி விட்டுரலாம்.”

“எந்தக் கல்ல? நீயே சொல்லு.”

“எங்கப்பா கல்லத் தொடாதே” என்றார் ஒருவர். “அது என் மவன் கல்லு” என்று ஓர் அக்கா அழவே தொடங்கிவிட்டாள்.

“மழை விடட்டும்மா. நாங்களே வந்து அம்மாவத் தூக்கிக்கிறோம்” என்றார் தலைவர். மழையா விடும்?

யாரையும் கேட்கத் தேவையில்லாத கல் ஒன்று இருந்தது. அப்பாவின் கல். அப்பா இருந்திருந்தால் எனக்கு முன்னால் அவரே உடைத்திருப்பார். நான் கடப்பாரையை ஓங்கினேன்.

“அடியேய்!”

அம்மா. கட்டிலை விட்டு இறங்கி, மருந்துக் கட்டோடு, முழங்கால் தண்ணீரில் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தாள்.

“உள்ள போம்மா! கால்!” என்று கத்தினேன்.

அவள் காதில் வாங்கவில்லை. வந்து கல்லின் மேல் ஏறி நின்றாள். “அப்பா பேர உடைப்பியா? மொதல்ல என் கால உடைடி.”

இழுத்தேன், கெஞ்சினேன், திட்டினேன். அசையவில்லை. மண்டபத்தில் யாரோ “தாயே” என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்ட கை ஒன்றாவது அவளைத் தூக்க வரவில்லை. மழை ஓயும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

புண் ஒரு வாரத்தில் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கமிட்டிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழமும் விபூதியும் கொண்டுவந்தார்கள். அம்மாவின் பக்தியைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசப் போவதாகத் தலைவர் சொன்னார். பழத்தைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்து, வெளியே போகச் சொன்னேன். அவர்கள் மேல் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அதைவிடப் பெரிய ஆத்திரம் அம்மா மேல். இன்றுவரை அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆபரேஷன் நடந்த அன்று மயக்கம் தெளிந்ததும் அம்மா போர்வையைத் தடவிப் பார்த்தாள். கால் இருக்கவேண்டிய இடத்தில் கை மெத்தையில் பட்டது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“கல்லுக்கு ஒன்னும் ஆகலியே?”

“ஒன்னும் ஆகலம்மா. கீறல்கூட இல்ல.”

“நல்லவேளை” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.