குவார்ட்டர்ஸ் வாரியாக நெஞ்சுவலி

எழுபதுகளின் கடைசியில், ஹைதராபாத்தில் காஞ்சன்பாக் பக்கத்தில் ஒரு அரசுத் தொழிற்சாலையின் ஆஸ்பத்திரியில் எனக்குப் புள்ளிவிவர உதவியாளர் வேலை கிடைத்தது. மகள் ஸ்டாடிஸ்டிக்ஸ் படித்தவள் என்று அப்பா வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அதே தொழிற்சாலையில் அண்ணன் பல வருஷமாக லேத் ஓட்டிக்கொண்டிருந்ததை அவர் யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. நான் செகந்திராபாத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். அண்ணனும் மதினியும் தொழிற்சாலைக் காலனியிலேயே இருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான்.

காலனி வீடுகள் ஏ டைப்பிலிருந்து டி டைப் வரை. ஹெல்பர்களுக்கு ஏ, அண்ணனைப் போன்ற ஆபரேட்டர்களுக்கு பி, சூப்பர்வைசர்களுக்கு சி, அதிகாரிகளுக்கு டி. ஆனால் எல்லாருக்கும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மருந்து, காசும் கிடையாது. அதனால், நெஞ்சுவலி என்று சேர்ந்தவர்களைக் குவார்ட்டர்ஸ் வாரியாகப் பிரித்து, நூறு பேருக்கு இத்தனை பேர் என்று கிராஃப் போடும்படி பெரிய டாக்டர் சொன்னபோது, நாலு கட்டமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வரும் என்றுதான் நினைத்தேன்.

வரவில்லை. படிக்கட்டு மாதிரி வந்தது. ஏ டைப்பில் அதிகம், பி-யில் கொஞ்சம் குறைவு, சி-யில் இன்னும் குறைவு, டி-யில் எல்லாவற்றையும்விடக் குறைவு. ஏ-வுக்கும் டி-க்கும் வித்தியாசம் என்றால் எனக்குப் புரிந்திருக்கும். சி-க்கும் டி-க்கும் ஏன்? சி டைப் வீடுகளிலும் பாலும் முட்டையும் வாங்கினார்கள், பிள்ளைகளைக் கான்வென்டில் படிக்கவைத்தார்கள்.

"பீடி சிகரெட் குடிக்கிறவர்களை எடுத்துவிட்டுப் போட்டுப் பாரம்மா," என்றார் டாக்டர். போட்டேன். படிகளின் உயரம் குறைந்தது, படிகள் போகவில்லை. ஒத்த வயதுக்காரர்களை மட்டும் வைத்துப் பார்த்தேன். அப்போதும் இருந்தன. "எனக்கும் தெரியவில்லை," என்று தெலுங்கில் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது இதை அண்ணனிடம் சொன்னேன். பிசைந்த சோற்றில் அவன் கை அப்படியே நின்றது.

"அப்ப டி டைப்காரனுக்கு முந்தி நான் போயிருவேன்ங்கியா?"

"ஒன்னப் பத்தி இல்லண்ணே. மொத்தக் கூட்டத்தப் பத்தி."

"அந்தக் கூட்டத்துல நான் இல்லியாட்டி?"

"சாப்புடுத நேரத்துல இந்தப் பேச்செல்லாம் நக்கோ," என்று மதினி ஊர் உருது கலந்து எங்கள் இருவரையுமே அதட்டினாள்.

திரும்பிப் போனதும் டாக்டரிடம் அண்ணனின் கேள்வியையே கேட்டேன். தனி மனிதர் யாரைப் பற்றியும் அந்த கிராஃப் ஒன்றும் சொல்லாது என்றார். கல்லூரியில் நானும் அதைத்தான் எழுதி மார்க் வாங்கியிருந்தேன். ஆனால் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒன்றும் சொல்லாதது எல்லாரையும் சேர்த்தால் மட்டும் எப்படிச் சொல்கிறது? வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதன்பின் அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைத் தடவிக்கொள்ள ஆரம்பித்தான். ஒருநாள், "சி டைப் குடுத்தாம்னா எனக்குக் கொறையுமா?" என்று கேட்டான்.

"வீட்ட மாத்துனா கொறையுமான்னு அதுல தெரியாதுண்ணே."

"பின்ன என்னதாம்ட்டி அதுல தெரியும்?"

டாக்டருக்கும் அந்த கிராஃப் மனதைவிட்டுப் போகவில்லை போலிருக்கிறது. அதிகாரிகள் நினைத்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தார்கள். ஷாப்பில், அதாவது மெஷின்கள் ஓடும் கூடத்தில், வேலை செய்கிறவர்கள் ஃபோர்மேனிடம் பாஸ் வாங்கித்தான் வர வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதிப்பேர் கேட்கவே மாட்டார்கள். இனி பாஸ் இல்லாமல் வரட்டும் என்று டாக்டர் நிர்வாகத்திடம் கேட்டார். யூனியனும் சேர்ந்துகொள்ள, அனுமதி கிடைத்தது.

ஆஸ்பத்திரி வராந்தா நிரம்பி வழிந்தது. "சும்மா வந்தேன்" என்று ஒருநாள் அண்ணனும் வந்தான். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் மறுபடி ஒருதரம் பார்த்தாள். பிறகு டாக்டர் வந்து பார்த்தார். அன்று அவனை வீட்டுக்கு விடவில்லை. அழுத்தம் அவ்வளவு ஏறியிருந்தது; அதுவரை அவனுக்கு ஒரு தலைவலிகூட இருந்ததில்லை. மாத்திரை தொடங்கியது. கருவாடு நின்றது. அதற்காக அவன் மதினியிடம் போட்ட சண்டை பக்கத்து வீடுகள்வரை கேட்டது.

அடுத்த வருஷக் கணக்கில், ரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்குகிறவர்கள் ஏ-யிலும் பி-யிலும் மளமளவென்று கூடியிருந்தார்கள்.

"சலுகை கொடுத்தோம், வியாதி கூடிவிட்டதே?" என்றார், அந்தக் கணக்கைப் பார்க்கக் கூட்டிய கூட்டத்துக்குத் தலைமை வகித்த மேலாளர். சிலர் சிரித்தார்கள்.

"கூடவில்லை சார். முன்பே இருந்தது இப்போதுதான் தெரிகிறது," என்றேன்.

"அப்படியானால் முதலில் நீங்கள் போட்ட கிராஃபும் வந்தவர்களை மட்டும் வைத்துப் போட்டதுதானே? அதை மட்டும் எப்படி நம்புவது?"

பாஸ் கிடைக்காமல் கீழே இருப்பவர்கள் வராமல் போயிருந்தால், உண்மையான படிகள் இன்னும் உயரமாக இருந்திருக்கும். சின்ன வலிக்கும் பயந்து வந்து படுப்பது கீழே இருப்பவர்கள்தான் என்றால், உயரம் குறைந்திருக்கும். இரண்டும் சரியாகப் பட்டது. கிராஃபைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "கணக்கு எப்படியும் இருக்கட்டும், பாஸ் மட்டும் வேண்டாம்," என்று டாக்டர்தான் முடித்துவைத்தார். பாஸ் திரும்பி வரவில்லை.

கூடிய கணக்கில் அவனும் ஒருவன் என்று அண்ணனிடம் சொன்னேன். "ஹவ்! நெசமாவா? என்னாலயா கூடிச்சு?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

கொஞ்ச காலம் கழித்து, அவனுக்கு அடுத்த லேத்தில் நின்றவர் ஷாப்பிலேயே விழுந்து இறந்துபோனார். அவரும் பி டைப், அவன் வயதுதான், அதே மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டவர். பீடி தொட்டதில்லை. அடக்கம் முடிந்து திரும்பும்போது, காலனி வாசலில் அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"ரெண்டு பேருக்கும் எல்லாம் ஒண்ணுதானட்டி. அவன் போயிட்டான், நான் நிக்கேன். காய்கு, ஏன்? நீ படிச்சவதானே, சொல்லு."

"தெரியலண்ணே," என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். வீட்டுக்குப் போகாமல் இறந்தவர் வீட்டுப் பக்கம் நடந்தான்; அங்கே பிள்ளைகள் தனியாக இருப்பார்கள் என்றான். நானும் கூடவே போனேன்.