சோடா ஊற்றிய பழரசம்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பேருந்தை விட்டு இறங்கி, சோடாக்கடை முன்னால் நிற்கிறேன். கையிலுள்ள தூக்குப்போசியில் சர்க்கரையில் ஊறிய அன்னாசியும் ஆரஞ்சும் பன்னீர் திராட்சையும். கிறிஸ்துமஸ் விருந்துக்கு அம்மா செய்கிற சோடா பழரசம் வேண்டும் என்று மகள் கேட்டிருக்கிறாள். அவள் அம்மா, என் மனைவி, இந்த வருடம் உயிரோடு இல்லை. மகள் வாழும் சம்பந்தி வீட்டில் எனக்கும் சேர்த்துப் பேசியவள் என் மனைவிதான். தனியாக நான் அங்கே போனதில்லை.

"கோலி சோடா ஆறு குடுங்க."

"பாட்டல் வெளிய தர்றதில்லீங்க," என்கிறார் கடைக்கார அம்மா. "போசிலயே ஊத்தட்டுங்களா?"

"மக ஊட்டுக்குப் போறதுக்குள்ள நொரை அடங்கிருமுங்க. நான் ஊருக்கே திரும்பிக்கறேன்."

"சோடா இல்லீன்னா மக ஊட்டுக்குப் போக மாட்டீங்களாக்கும்?" சிரித்தபடியே சோடாப் பெட்டியைத் தூக்குகிறார். "நடங்க, நானே வந்து ஒடச்சு ஊத்தறேன்."

மகள் வீட்டு வாசலில் என் கால் நின்றுவிடுகிறது. கடைக்கார அம்மா நிற்கவில்லை. "அம்மணி, உங்கப்பாரு வந்திருக்காருங்க!"

மகள் ஓடி வருகிறாள். கோலி உள்ளே இறங்குகிறது, பழங்களுக்கிடையே நுரை பொங்குகிறது. ஒரு மடக்குக் குடித்தவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

"அம்மா மாதிரியே சக்கரையக் கம்மியாப் போட்டுட்டீங்கப்பா."

எழுதியது: தை முதல் நாள், 1995.