ஐஸ் படாத மீன்

எங்கள் ஊரில் 'ஃப்ரெஷ்' என்ற சொல்லுக்கு இடத்துக்கு இடம் அர்த்தம் மாறும். துணிக்கடையில் ஃப்ரெஷ் பீஸ் என்றால் இன்னும் யாரும் பிரித்துப் பார்க்காத புடவை. காலேஜில் ஃப்ரெஷர் என்றால் இந்த வருஷம் சேர்ந்த பையன். வீட்டில் "போய் ஃப்ரெஷ் ஆயிட்டு வா" என்றால் முகம் கழுவ வேண்டும். மீன் மார்க்கெட்டிலோ, நாறாத எதுவும் ஃப்ரெஷ்தான்! தமிழ்ச்செல்வி அக்காவுக்கு மட்டும் ஒரே அர்த்தம்: ஐஸ் படாத மீன்.

கடலூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து, எங்கள் சிதம்பரம் தெருக்களில் பல வருஷம் கூடை சுமந்து மீன் விற்றவர் அக்கா. போன தை மாதம்தான் இங்கே சொந்தமாகக் கடை போட்டார். திறப்பு நாள் பார்த்துக் கடலில் பேய்க்காற்று. அவர் கணவர் இளவரசு படகை இறக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் முந்தின நாள் மீனை ஐஸோடு பரப்பியிருந்தார்கள். முதல் போணி நல்லபடியாக ஆனால்தான் கடை நிலைக்கும் என்று இருவரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் வாங்கப் போன நானும், என் கைராசி எப்படியோ, முதல் போணியை வேறு யாராவது செய்யட்டும் என்று ஒதுங்கி நின்றேன்.

முதலில் வந்தவர் சௌந்தரம் டீச்சர். மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. பால் ஊறுவதற்குச் சுறாப்புட்டு செய்ய வேண்டும்.

"பால்சுறா ஃப்ரெஷ்ஷா செல்வி?"

"இல்ல டீச்சர், ஐஸ் மீனு. உங்க கொழம்புக்குன்னா தருவேன். புள்ள பெத்தவளுக்குத் தர மாட்டேன்."

இளவரசு பல்லைக் கடித்தார். "மொத போணிய எவளாச்சும் வாயாலயே வெரட்டுவாளா? உனக்கு எதுக்குடி கடை?"

"நீ கடலுக்குப் போயிருந்தா நான் ஏன் இப்படிச் சொல்லப்போறேன்? சும்மா நில்லுய்யா."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சண்டைய அப்புறம் போடுங்க. இன்னிக்கி அவளுக்கு என்னதான் குடுக்கிறது?"

அக்கா நெத்திலிக் கருவாட்டை எடுத்து நீட்டினார். "நானே காயவச்சது. பூண்டு தூக்கலாப் போட்டு வைங்க. காத்து நின்னதும் சுறா உங்க வூட்டுக்கே வந்துடும்."

மீன்கடையின் முதல் போணி கருவாடு! டீச்சர் கொடுத்த பணத்தை அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாளும் காற்று ஓயவில்லை. டீச்சர் வேறு கடைக்குப் போகாமல் காத்திருந்தார். அன்று ராத்திரிதான் காற்று நின்று படகு இறங்கியது. அடுத்த விடியலில் இளவரசு கரையேறியதும் வலையிலிருந்து முதலில் ஒதுக்கியது ஒரு பால்சுறா. அக்காவின் கூடையில் அதைத் தனியாகச் சுற்றி வைத்தார்.

"கடையத் தொறக்கிறது அப்புறம் இருக்கட்டும். மொதல்ல டீச்சரம்மா வூட்டுக்குப் போ. நேராப் போ."