ஆங்கிலத்தில் ஒரு ‘அவர்’தான்

செவ்வாய்க்கிழமை காலைகளில் என் முழங்கால்கள் என்னைக் கேட்காமல் ஒரு வேலை பார்க்கின்றன. வகுப்பறைக் கதவு திறந்து விரிவுரையாளர் உள்ளே வந்ததும் அவை தாமாக எழும்பப் பார்க்கின்றன. முதல் நாள் நான் முழுதாகவே எழும்பி நின்றுவிட்டேன். சுற்றிவர இருந்த பிள்ளைகள் எல்லாம் என் மகளைவிட இளையவர்கள். கதிரையில் சாய்ந்து, ஒருத்தி காலைத் தூக்கி முன் கதிரையில் போட்டபடி, கோப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். விரிவுரையாளர் ஹெலன் என்னைப் பார்த்தார். அவர் என்னைவிடப் பத்து வயதாவது குறைந்தவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, மிகவும் அன்பாக, “டொய்லெட் வெளியே போய் இடது பக்கம்” என்றார். இத்தனை பேருக்கு முன்னால் நான் என்னத்தை விளக்குவது? எழும்பினது எழும்பினதாகப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

அன்று பகல் இதைத் தொலைபேசியில் என் கணவர் ஹமீதிடம் சொன்னபோது அவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. “ஐம்பத்திரண்டு வயசுல முதலாம் வகுப்புப் புள்ள மாதிரி எழும்பி நின்டியா? நல்ல காலம், குட் மோர்னிங் டீச்சர்ண்டு பாடல்ல.”

“பாட்டு வாய் வரைக்கும் வந்திச்சி. நான்தான் மூடிட்டேன்.”

அதற்கும் சிரித்தார். அவர் இலங்கையில், புத்தளத்துப் பக்கம் கற்பிட்டியில், தன் வாப்பா விட்டுப்போன தென்னந்தோட்டத்து வீட்டில் இருக்கிறார். நான் இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸ் நகரத்தில், ஒரு கட்டிலும் ஒரு மேசையும் போட்ட மாணவர் அறையில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் மனைவி வெளிநாட்டிலும் கணவன் ஊரிலும் இருப்பது ஒன்றும் புதினமில்லை. வீட்டு வேலைக்கென்று சவூதிக்கும் குவைத்துக்கும் போன பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் ‘என்ட பொஞ்சாதி அங்க படிக்கிறா’ என்று இவர் சொன்னால், கேட்கிற ஆள் உடனே, சண்டையோ என்று கேட்கிறாராம்.

சண்டை இல்லை. பதினெட்டு வருஷம் இந்த நாட்டில் இரண்டு பேரும் உழைத்தோம். இவர் பேக்கரி ஒன்றில், நான் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில். ஊரில் பாலாவிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் படிப்பித்த டீச்சர், இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன். மகள் கல்யாணம் முடித்து லண்டனுக்குப் போனதும் இவர் “இனி ஊருக்குப் போவம்” என்றார். குளிர் அவருடைய மூட்டுக்களைத் தின்றுவிட்டிருந்தது. அதே மாதத்தில்தான் எனக்குப் பல்கலைக்கழகத்தில் முதுமாணி, அதாவது எம்.ஏ. படிப்புக்கு இடம் கிடைத்தது. ஒரு வேகத்தில் விண்ணப்பித்திருந்தேன், கிடைக்கும் என்று நினைக்கவில்லை. ஒரே ஒரு வருஷம் கேட்டேன். முடிந்த கையோடு வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். இவர் விமானநிலையத்தில் என் தலையில் கையை வைத்து, “ஒரு வருஷம் கண்ண மூடித் திறக்கிற நேரம்தானே” என்றார். கண்ணை மூடியதும் திறந்ததும் நான்தான், அவர் கடைசிவரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

படிப்பு எனக்கு எப்போதும் இப்படித்தான், எதையாவது பிடுங்கிக்கொண்டுதான் கையில் வரும். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, போரின் நடுவே, முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கத்தார் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். பாதியில் விட்ட ஏ.எல்.ஐ புத்தளத்தில், உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அதே கட்டிடத்தில் எங்களுக்கு நடந்த பின்னேரப் பள்ளிக்கூடத்தில் முடித்தேன். வாங்குப் பலகையில் காலைப் பிள்ளைகள் இருந்த சூடு இன்னும் இருக்கும். பிறகு படிப்பித்துக்கொண்டே வெளிவாரிப் பட்டம், கைக்குழந்தையை மடியில் வைத்தபடி. இப்போதுதான் முதல் தடவையாக ஒரு வாசிகசாலையில் காலையிலிருந்து பின்னேரம் வரை, யாரும் கூப்பிடாமல் உட்கார்ந்து படிக்கிறேன். இது எவ்வளவு பெரிய சுகம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஊரில் ஒருவர் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார் என்ற நினைவோடு அனுபவிக்கிற சுகம்.

தினமும் இங்கே பகல் சாப்பாட்டு நேரம், அங்கே மஃரிபுத் தொழுகைக்கு முந்திய நேரம். அப்போதுதான் கதைப்போம். இவர் பிளேன்டீயோடு களப்புக் கரைக்குப் போய் நின்றுகொள்வார். முதலில் கேட்பது காற்றுத்தான். கற்பிட்டிக் காற்றைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது பேசவிடாது. “சத்தமா இரிக்கா, உள்ளுக்குப் போகவா?” என்பார். “வாணாம், நில்லுங்க” என்பேன். பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்களைப் பற்றிச் சொல்வார், வேலிக்குள் தலையை விட்டுக் கருவேப்பிலையைத் தின்ற கழுதையைப் பற்றிச் சொல்வார். பாலாவியால் வந்தபோது உப்புக் குவியல்களுக்குத் தென்னங்கிடுகு மூடிக்கொண்டிருந்தார்கள் என்பார். எனக்கு அங்கே இருக்க வேண்டும் என்று நெஞ்சு இழுக்கும். பெரிய விஷயம் எதற்காகவும் இல்லை. அந்தக் கழுதையை நானும் சேர்ந்து விரட்டியிருக்கலாம் என்றுதான். என் அறைக் கட்டில் ஒரு ஆளுக்கானது. அதிலும் நான் ஒரு ஓரமாகத்தான் படுக்கிறேன்.

என் ஆய்வு, எங்களைப் போல மன்னாரிலிருந்து வந்து புத்தளத்தில் தங்கிவிட்ட பெண்கள் தங்கள் ஊரைப் பற்றி எப்படிக் கதைக்கிறார்கள் என்பது. போன விடுமுறையில் போய்ப் பதிவுசெய்துகொண்டு வந்ததை ஆங்கிலத்தில் எழுதி ஹெலனிடம் கொடுத்தேன். அவர்தான் என் மேற்பார்வையாளர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். ஒரு டீச்சரைப் பெயர் சொல்ல என் வாய்க்கு வராது. அதனால் எதுவும் கூப்பிடாமல் கதவருகில் நின்று இருமுவேன். அன்றும் இருமினேன். ஹெலன் என் தாள்களை விரித்து, ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

“இந்த அம்மா ‘அவர் வில்லேஜ்’ (our village) என்று இரண்டு தரம் சொல்கிறார். இரண்டும் ஒரே ஊரா?”

“இல்லை. முதலாவது புத்தளம். இரண்டாவது மன்னார்.”

“அப்படியென்றால் இரண்டுமே அவருடைய ஊரா?”

“இல்லை, முதலாவது அவருடைய ஊர் இல்லை.”

“ஆனால் ‘அவர்’ என்று எழுதியிருக்கிறீர்களே.”

நான் மூலத்தை வாசித்துக் காட்டினேன். அந்தப் பெண் சொன்னது இதுதான்: “இங்கத்த ஆக்கள் கோவம் வந்தா சொல்லுவாங்க, எங்கட ஊருக்கு வந்து எங்களுக்கே கதைக்கிறீங்களாண்டு. நம்மட ஊர் கையில இருந்தா நாம ஏன் புள்ள இங்க வாறம்?” தமிழில் ஒரு சிக்கலும் இல்லை என்று விளக்கினேன். ‘எங்கட’ என்றால் கேட்கிற ஆள் வெளியே. ‘நம்மட’ என்றால் கேட்கிற ஆளும் உள்ளே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘அவர்’. நான் இரண்டையும் ஒன்றாகக் கொட்டி, கோபத்தையும் கண்ணீரையும் ஒரே பானையில் சமைத்துவிட்டிருந்தேன். (அந்த ‘அவர்’ என்ற சொல்லைத் தட்டச்சுச் செய்யும்போதெல்லாம், என் காதுக்கு அது ஊரில் இருக்கிற எங்கள் அவரைத்தான் கூப்பிடும். அதை ஹெலனிடம் சொல்லவில்லை.)

ஹெலன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “ஒருவருக்குக் கதவைத் திறப்பதும் மூடுவதும் உங்கள் மொழியில் ஒரே ஒரு சொல்தானா?” என்று கேட்டார். அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து கதைக்கிற கதை. அதில் கதவு இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அன்று பஸ்ஸில் வரும்போது கற்பிட்டிக் கரையில் வள்ளத்தைவிட்டு இறங்கிய நாள் நினைவுக்கு வந்தது. மன்னாரை விட்டுப் புறப்பட்ட காலையில் உம்மா எனக்குப் பெருநாள் உடுப்பைப் போட்டுவிட்டார். தலைக்கு எண்ணெய் வைத்து, இழுத்துப் பின்னி, “ஒழுங்கா வெளிக்கிடு. போற இடத்துல ஆக்கள் நம்மள என்ன நினைப்பாங்க” என்றார். பைக்குள் கொண்டுபோக முடியாததை உடம்பில் போட்டுக்கொண்டு போகலாம் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். உப்புத் தண்ணீரில் நனைந்து, வாந்தியெடுத்து, சரிகைச் சட்டையோடு கரையில் இறங்கினேன். “அகதிண்டு சொன்னாங்க, கலியாண வீட்டுக்கு வாற மாதிரியெல்லோ வந்திரிக்கிறாங்க” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. உடனே ஒரு பெண் வந்து என் கையில் பாண் துண்டும் சூடான தேத்தண்ணியும் தந்து, முதுகைத் தடவி, “எங்கட ஊருக்கு வந்திட்டீங்க மகள், இனிப் பயமில்ல” என்றார். அதைப்போல ஒரு அன்பான பேச்சை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. ஆனால் அதிலும் ‘எங்கட’தான். வேறு எப்படிச் சொல்வார், பாவம். அது அவருடைய ஊர்தானே.

ஆய்வு நன்றாக வந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. போன மாதம் ஹெலன் என்னை உட்கார வைத்து, இதைக் கலாநிதி, அதாவது பிஎச்.டி. பட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும், உதவிப் பணமும் கிடைக்கும் என்றார். இன்னும் நாலு வருஷம். “ஊருக்குப் போக வேண்டும், கணவர் காத்திருக்கிறார்” என்றேன். “எந்தக் கிழமை போகிறீர்கள்?” என்று கலண்டரைத் திறந்தார். விடுமுறை கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் திருத்தவில்லை. திருத்தினால் வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். எனக்கு அது வேண்டும். மன்னாரில் மேசைமேல் திறந்தபடி விட்டுவந்த புத்தகத்தின் மிச்சத்தை யாரோ கொண்டுவந்து நீட்டியது மாதிரி இருந்தது. அதுவும் வேண்டும், இவரும் வேண்டும். இந்த வயதில் இப்படி இரண்டு கையாலும் ஆசைப்படுவது எனக்கே கூச்சமாக இருந்தது.

சில நாட்கள் இவரிடம் சொல்லவில்லை. அந்த நாட்களில்தான் இவர் அறைக்குப் புதுச் சாயம் பூசினார். கடலைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மேசை போடுவதற்குத் தச்சரோடு கதைத்திருந்தார். “நீ வந்தா எழுதுறதுக்கு வேணும்தானே. அலுமாரியும் சொல்லிட்டன், ஒரு பக்கம் உனக்கு, ஒரு பக்கம் புத்தகத்துக்கு. எனக்கு அசைக் கயித்துல துணி போட்டா காணும்.” நான் “ஓம்” என்றேன்.

போன வியாழக்கிழமை சொல்லிவிட்டேன். வாசிகசாலைக்கு வெளியே படியில் நின்றுகொண்டு, ஒரே மூச்சில், நாலு வருஷம் என்பதை மட்டும் கொஞ்சம் மெதுவாக. அந்தப் பக்கத்தில் காற்று. தொலைபேசி அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், அறுந்திருக்கவில்லை.

“இஞ்சருங்க, கேக்குதா?”

“கேக்குது.”

“கோவமா?”

“கோவமில்ல.” பிறகும் காற்று. “மேசைய என்ன செய்யிற எண்டு யோசிச்சன்.”

“நான் வேணாமெண்டு சொல்லிடுறன். இங்க ஆக்களுக்குப் பெரிய நட்டமில்ல. நான் வாறன்.” அதைச் சொன்னபோது அது உண்மையாகவே என் மனதில் இருந்தது. சத்தியம்.

“சும்மா இரு” என்றார். “அன்டைக்குப் பாதியில விட்டுட்டு வந்தது காணாதா? திரும்பவும் பாதியில விட்டுட்டு வரப்போறியா, அதுவும் எனக்காண்டி? படி நஸீமா. ஆறுதலா முடிச்சிட்டு வா. நம்மட ஊர் எங்கயும் போகாது.”

தான் ‘நம்மட’ என்று சொன்னது அவருக்கே தெரியவில்லை, பள்ளியில் பாங்கு சொல்லப் போகிறார்கள், வைக்கிறேன் என்று வைத்துவிட்டார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இந்த மனுஷன் வாயில் கற்பிட்டி ‘எங்கட ஊர்’, மன்னார் ‘உங்கட ஊர்’. “எங்கட ஊருல மீனுக்கு இப்படிப் புளி விடமாட்டாங்க.” “உங்கட ஊராக்கள் சத்தமாக் கதைப்பாங்க.” குத்திச் சொன்னதில்லை, அவ்வளவு வருஷமும் அன்போடு சொன்னதுதான். நானும் அதைப் பெரிதாக எடுத்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஒரு சொல்லுக்காக நான் எவ்வளவு காலம் காது கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று அந்தப் படியில் நிற்கும்போதுதான் தெரிந்தது. இப்போதைக்கு வரமாட்டேன் என்று சொன்ன அன்றைக்குத்தான் அது வந்தது.

கோப்பிக் கோப்பையோடு படியேறி வந்த ஹெலன் என்னைக் கண்டதும் நின்றார். என் முகத்தையும் கையிலிருந்த தொலைபேசியையும் பார்த்தார். “ஊரிலிருந்து கெட்ட செய்தியா?” என்று கேட்டார்.

“இல்லை, நல்ல செய்தி” என்றேன். அழுதுகொண்டே சொன்னதால் அவர் நம்பவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ மரண வீட்டில் நிற்பவர் போல என்னோடு நின்றார்.