நிறுத்துப் பார்க்காத வெங்காயம்

பிள்ளைகளே, உங்கள் அக்கா பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்தபோது நடந்த ஒன்றை எழுதி வைக்கிறேன். நீங்கள் இருவரும் அன்று டியூசனுக்குப் போயிருந்தீர்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

அக்கா படிப்பது பொருளாதாரம். அதிலும் இப்போது கணினியில் புரோகிராம் எழுத வேண்டுமாம். ஒரு குழு எழுதியதை இன்னொரு குழு பார்த்து, நல்லது எது, திருத்த வேண்டியது எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதன்பின் திருத்தி ஒப்படைக்க ஒரு கிழமை, ஏழு நாள், இருக்கும். அக்காவின் குழுவுக்கு வந்தது அவளுடைய அறைத் தோழியின் குழு எழுதியது. அக்கா டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது நாலு நாள் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நின்ற பிள்ளை அது.

அதனால் அக்காவின் குழுக்காரி ஒருத்தி போனில், "எடி, நல்லாயிருக்கெண்டு எழுதிப்போட்டு விடுவம்" என்றாள். பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நானும், ஓம், வீண் மனஸ்தாபம் எதற்கு என்றேன்.

அக்கா மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். வெங்காயத்தை மண்ணிலிருந்து கிண்டியவுடன் விற்பதா, வைத்திருந்து விற்பதா என்று சொல்லும் புரோகிராம். ஆறு கிழமை வைத்திருந்தால் விலை ஏறும், இலாபம் என்றது. எத்தனை கிலோ என்று கேட்டேன். வைக்கும்போது நூறு, ஆறு கிழமைக்குப் பிறகும் நூறு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உந்தப் பிள்ளையள் வெங்காயத்தைக் கல்லெண்டு நினைச்சவையோ? காயக் காய நிறை இறங்குமெல்லே. நூறு எண்பதாப் போகும்."

அக்கா அதை அப்படியே எழுதத் தொடங்கி, கையை எடுத்தாள்.

"எண்பதெண்டு நிறுத்துப் பாத்தனீங்களே, அப்பா?"

இல்லை. சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோகும் அன்றுதான் எங்கள் வெங்காயம் தராசில் ஏறும். முப்பது வருஷம் தோட்டம் செய்கிறவனிடம் கேட்கிற கேள்வியா என்று கோபம் வந்தது. எழும்பிப் போய்த் தோட்டத்து மோட்டரைப் போட்டேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் யோசித்தேன். அந்தப் பிள்ளைகள் நூறு என்று நினைத்தார்கள், நான் எண்பது என்று நினைத்தேன். இரண்டும் நினைப்புத்தானே.

திரும்பி வந்தபோது அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினாள். விலைப் பகுதி தெளிவு, வரைபடம் அழகு என்று முதலில். பிறகு, வெங்காயம் காயும்போது நிறை குறையும், அதைச் சேர்க்கவில்லை, எவ்வளவு குறையும் என்பது எங்களுக்கும் தெரியாது என்று இருந்தது. அதையே அனுப்பினாள்.

இரண்டு நாள் தோழி பேசவில்லை. அக்கா போனை எடுப்பதும் வைப்பதுமாகத் திரிந்தாள். நான்தான் கெடுத்தேனோ என்று பயந்தேன். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையே போன் எடுத்தாள். அவள் பேசியது முற்றம் வரை கேட்டது.

"எருமை, எனக்கு நேர சொல்லியிருக்கலாமெல்லே. ரெண்டு நாளா உதைத் திருத்திறதோடைதான் கிடந்தனாங்கள்." பிறகு குரல் தணிந்தது. "சரி, எவ்வளவு குறையுமெண்டு உன்ரை அப்பாட்டைக் கேளன்."

"அவருக்கும் தெரியாதாம்" என்று அக்கா சொல்ல, இருவரும் சிரித்தார்கள். நிறை இழப்பைத் தோட்டக்காரரே போடட்டும் என்று புரோகிராமில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்களாம்.

மறுநாள் அக்கா பஸ் ஏறினாள். நான் தராசை எடுத்துக்கொண்டு வெங்காயக் கொட்டிலுக்குப் போனேன். முந்தின நாள் கிண்டி, இலைத்தாளோடு கட்டிய பிடிகளில் பத்துக் கிலோவை நிறுத்துத் தனியே தொங்கவிட்டேன். தூணில் சோக்குக் கட்டியால் திகதியையும் நிறையையும் எழுதினேன். அதன் கீழே, ஆறு கிழமைக்கும் ஆறு கோடு இழுத்து விட்டேன்.