இயக்குநரின் மூக்கில் நின்ற அம்பு

அலுவலகத்தில் அவளை எல்லோரும் அம்பு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குடிநீர் அலுவலகக் கூடத்தில் நிற்கும் தொடுதிரைகளுக்கு மென்பொருள் எழுதுவது அவள் வேலை. அந்த மென்பொருளுக்குள்ளேயே ஒரு பிரவுசர் இருக்கும். அதில் துறையின் இணையப் பக்கம் திறக்கும். பக்கத்தில் கைவைக்க அவளுக்கு அனுமதியில்லை. அதனால் அதன்மேல் கண்ணாடித்தாள் விரித்த மாதிரி ஓர் அடுக்கைப் போட்டு, ‘இங்கே அழுத்துங்கள்’ என்று சிவப்பு அம்பு வரைந்து வைத்திருந்தாள்.

“என் பொண்டாட்டி அடுத்தவன் சுவரைத் தொடாமலே அதுமேல படம் போடுறவ” என்று கணவர் பெருமையடிப்பார்.

ஒருநாள், பக்கத்தை நடத்துகிறவர்கள் யாரிடமும் மூச்சுவிடாமல் குடிநீர் இணைப்புக்கான விண்ணப்பப் பொத்தானைக் கீழே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் துறையின் புது இயக்குநர் படத்தைப் போட்டுவிட்டார்கள். அம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. நேராக அவர் மூக்கு.

மக்கள் அழுத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஓங்கி அழுத்தினார்கள்.

கூடத்தைப் பார்வையிட வந்த இயக்குநர், திரையில் தன் படத்தின் மூக்கை ஒரு பெரியவர் தேய்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு திகைத்துப்போனார்.

“என்னங்க பண்றீங்க?”

“வரிசையில வாங்க சார். நானே ரொம்ப நேரமா தேய்ச்சிட்டிருக்கேன்.” சொன்னவர் திரும்பினார். படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். “அட, நேர்லயே வந்துட்டீங்களா!” என்று விரலை நீட்டினார்.

இயக்குநர் ஓடாத குறை.

இயக்குநரிடமிருந்து போன் வந்ததும் அம்பு அக்கா சிரிப்பை விழுங்கிக்கொண்டு அம்பைக் கீழே இறக்கிவிட்டாள். யார் கேட்டார்கள்? மூக்கைத் தொட்டால்தான் இணைப்பு சீக்கிரம் கிடைக்கும் என்று அதற்குள் ஊரெல்லாம் பேச்சு. அம்பை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. படத்தை எடுக்க இயக்குநருக்கும் மனசு வரவில்லை.

மறுபடி கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

“ஏம்மா, அந்த மூக்கையே வேலை செய்ய வெச்சிட முடியுமா?”

“முடியும் சார். அதுமேல கண்ணுக்குத் தெரியாத பொத்தான் ஒண்ணு போட்டுடலாம்.”

“போட்டுடுங்க. அப்படியே... மூக்கு கொஞ்சம் பெருசா தெரியுது. மேலயே சின்னதா ஒண்ணு வரைஞ்சிடுங்களேன்.”

அவள் வீட்டில் கணவரை ஜன்னலோரம் ஆடாமல் உட்காரவைத்து, அவர் மூக்கைப் பார்த்து வரைந்தாள். பொருத்தமாகத்தான் வந்தது.

அப்புறம் இயக்குநர்கள் மாறினார்கள், படங்கள் மாறின. மூக்கு மட்டும் மாறவில்லை. அந்த அலுவலகத்துக்குப் போய்வரச் சொன்னால் மட்டும் கணவர் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவார்.